ஒரே வயது, ஒரே மலை, இரண்டு விலை: கோத்தகிரியில் கைமாறிய இரண்டு செடான்கள்

2016-ல் வாங்கிய இரண்டு செடான் கார்கள். இரண்டும் டி.என். 43 (நீலகிரி) பதிவு, சொந்த உபயோக வண்டி, சிங்கிள் ஓனர், மேனுவல் கியர். ஒன்று மாருதி சியாஸ் பெட்ரோல். மற்றது ஃபோக்ஸ்வேகன் வென்டோ 1.5 டீசல். 2024-ல் சில மாத இடைவெளியில் இரண்டும் விற்பனைக்கு வந்தன. சியாஸ் 5.3 லட்சத்துக்குப் போனது. வென்டோ பல பேரம் முறிந்த பிறகு 4.2 லட்சத்துக்குப் போனது. வாங்கிய அன்றைய ஆன்ரோடு பில்லைப் பார்த்தால் சியாஸ் 10.4 லட்சம், வென்டோ 12.9 லட்சம். ஆக, எட்டு வருடத்தில் ஒருவருக்கு 5.1 லட்சம் கரைந்திருக்கிறது, இன்னொருவருக்கு 8.7 லட்சம்.

பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்காக வாகன மதிப்பீடு செய்வது என் தொழில். இந்த இரண்டு வண்டிகளையும் நான்தான் பார்த்தேன். உரிமையாளர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன், தொகைகளைத் தோராயமாக்கியிருக்கிறேன். "மாருதின்னா ரீசேல் இருக்குங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. ஏன் இருக்கிறது, எங்கே இருக்கிறது, எதுவரை இருக்கும் என்று தெரியாததால் விற்கிறவர் லட்ச ரூபாயை விடுகிறார். வாங்குகிறவர் நல்ல வண்டியை விடுகிறார். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டிகளின் நிலை

சியாஸின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீடு கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் நடுவே. ஓட்டம் 62,000 கிலோமீட்டர். வென்டோவின் சொந்தக்காரருக்குக் கோடநாடு சாலையில் கொஞ்சம் தேயிலைத் தோட்டம். ஓட்டம் 58,000. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் வண்டி சும்மா நின்றது, அதனால் விற்கும் முடிவு.

மலை வண்டியில் கிலோமீட்டரை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் இறங்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். பைபாஸில் 60,000 ஓடிய வண்டியைவிட இங்கே 60,000 ஓடிய வண்டியின் இன்ஜின் எத்தனையோ மணி நேரம் கூடுதலாக உழைத்திருக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியரில். கிளட்ச், பிரேக், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் அந்த உழைப்பைக் காட்டிக்கொடுக்கும். மறுபக்கம் நன்மையும் உண்டு. வெயில் கொளுத்துவதில்லை என்பதால் டேஷ்போர்டு வெளுக்காது, ரப்பர் சீக்கிரம் வெடிக்காது, ஏ.சி. கம்ப்ரஸர் பல வண்டிகளில் புதிதுபோலவே இருக்கும். கோவை கன்சல்டிங்குகளில் (பழைய கார் வாங்கி விற்கும் கடைகளில்) "மலை வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். இரண்டாம் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் டயரைப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி முன் டயர்களின் வெளி ஓரம்தான் இங்கே முதலில் தேயும். சியாஸில் நடுப்பகுதியில் பட்டன் நன்றாக இருந்தது, வெளி ஓரம் மொழுக்கென்று ஆகிவிட்டது. டயரை இடம் மாற்றிப் போடவே இல்லை. வென்டோவில் நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. மாற்றிப் போட்டதற்கு ஒவ்வொரு முறையும் பில் இருந்தது.

அடுத்து பிரேக் டிஸ்க். வீல் இடைவெளி வழியாக விரலை விட்டு டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தடவினால், பேட் உரசாத இடம் சின்ன வரப்பாக நிற்கும். நகம் சிக்கினால் டிஸ்க் மெலிந்துவிட்டது. இறக்கத்தில் பெரிய கியரில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்களின் வண்டியில் இது தப்பவே தப்பாது. ஆசிரியர் வண்டியில் நகம் நன்றாகவே சிக்கியது. தோட்டக்காரர் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்குகிறவர். அவர் டிஸ்க்கில் விரல் தடங்கலில்லாமல் ஓடியது.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை செய்வேன். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். நல்ல பிளேட் என்றால் இன்ஜின் சட்டென்று அணையும். வழுக்கும் பிளேட் என்றால் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத்தான் அணையும். வென்டோ சட்டென்று அணைந்தது. சியாஸ் சற்று இழுத்து அணைந்தது. இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கினால் அதிகம் என்று அறிக்கையில் எழுதினேன்.

கடைசியாக ஈரம். நீலகிரியில் மழை விட்டாலும் மேகம் விடாது, கார் காய்ந்து கிடக்கிற நாள் குறைவு. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். தோட்டத்து மண்ணும் சில்வர் ஓக் சருகும் அதை அடைத்தால் துரு உள்ளிருந்து கிளம்பும். வெளியே தெரியும்போது காரியம் முற்றியிருக்கும். சியாஸின் இடது பின் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்திருந்தது. முன் பம்பரும் ஒரு கதவும் கிளெய்மில் மாற்றிப் பெயின்ட் அடித்தவை. ஆசிரியர் அதை மறைக்காமல் சொன்னார். வென்டோவில் பூட் பாயைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அந்தக் குழிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது, பூஞ்சை வாசனை துளியும் இல்லை. தோட்டக்காரர் மழைக்காலம் முடிந்ததும் கம்பியை விட்டுத் துளைகளைச் சுத்தம் செய்வாராம்.

இத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு பலம் இழக்கும். கோத்தகிரியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கும் போய்விடும். சியாஸின் 1.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கம்பெனிக் கணக்கில் 92 குதிரைத்திறன். இங்கே அது 77 போலத்தான் நடந்துகொள்ளும். வென்டோவில் டர்போ இருப்பதால் இழப்பு குறைவு. டார்க் (இழுவிசை) கணக்கிலும் சியாஸ் 130 நியூட்டன் மீட்டர், வென்டோ டீசல் 250. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக பராமரிப்பிலும், மலைக்குப் பொருந்துவதிலும் வென்டோதான் மேல். விலை தலைகீழாக வந்தது.

அட்டவணை சொன்னதும் சந்தை சொன்னதும்

இன்ஷூரன்ஸில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போடுவார்கள், வண்டி முழுதாய்ப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை அது. அதற்கான தேய்மானக் கணக்கு எந்த மாடலுக்கும் ஒன்றுதான்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்குமேல் கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி வைத்துக்கொள்வது. இந்த அட்டவணைப்படி ஐந்தாம் வருடம் இரண்டு வண்டிகளும் பட்டியல் விலையில் சரிபாதிக்கு வந்துவிட்டன. சந்தையிலோ எட்டாம் வருடமும் சியாஸ் பாதி விலையில் நிற்கிறது, வென்டோ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. அட்டவணைக்கு வண்டியின் வயது மட்டும்தான் தெரியும். அடுத்து வாங்கப்போகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அதற்குத் தெரியாது. என் அனுபவத்தில் பழைய செடானின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பயம்தான்.

வென்டோவைப் பார்க்க முதலில் வந்தவர் கட்டபெட்டு பக்கம் காய்கறி வியாபாரி. கூடவே தன் மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். ஓட்டிப் பார்த்தார், பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டி சுத்தமா இருக்குதுங்கண்ணா. ஆனா ராத்திரி எங்கயாச்சும் நின்னுபோச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க. என்கிட்ட இதுக்கு ஸ்கேனர் கிடையாது, ஸ்பேரும் கோயமுத்தூர்ல இருந்துதான் வரணும்."

வியாபாரி தோட்டக்காரர் பக்கம் திரும்பி, "தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணா. காலையில நான் மேட்டுப்பாளையம் மண்டியில நின்னே ஆகணும்" என்றார்.

அந்த மெக்கானிக் வண்டியில் ஒரு குறையும் சொல்லவில்லை. தன் பட்டறையின் எல்லையைத்தான் சொன்னார். மலையில் அந்த எல்லைக்குப் பெரிய விலை உண்டு. கோவையில் வண்டி நின்றால் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போகலாம், மாலையில் மெக்கானிக்கைப் பார்க்கலாம். பர்லியாரிலோ குஞ்சப்பனையிலோ நின்றால் ரெக்கவரி வண்டி வரவேண்டும், மலையிறக்க வேண்டும், ஸ்பேர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பழுதுக்கான செலவைவிட வண்டி இல்லாமல் கழியும் நாட்கள்தான் இங்கே ஆளை வாட்டும். வாங்க வருகிறவர் அதை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்.

சியாஸுக்கு இந்தக் கவலையே எழவில்லை. அதே 1.4 லிட்டர் கே-சீரிஸ் இன்ஜின்தான் முதல் தலைமுறை எர்டிகா பெட்ரோலிலும் வந்தது. ஊட்டி, குன்னூர் டூரிஸ்ட் ஸ்டாண்டுகளில் எர்டிகாவுக்குப் பஞ்சமில்லை. எர்டிகாவில் கை வைத்த மெக்கானிக் சியாஸைப் பார்த்துப் பின்வாங்க மாட்டார். இன்ஜினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் சுழல வைப்பது டைமிங் செயின். பெல்ட் மாற்றும் கெடு என்று ஒன்று இல்லை. வென்டோ டீசலில் டைமிங் பெல்ட். கெடு தாண்டி அறுந்தால் இன்ஜினையே பிரித்துப் போட வேண்டியிருக்கும். வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "பெல்ட் மாத்தியாச்சா" என்பதுதான். தோட்டக்காரர் மாற்றியிருந்தார். ஆனால் பில்லை வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்.

வென்டோவுக்கு ஸ்பேரே கிடைக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது மிகை. போலோ, ஏமியோ, ஸ்கோடா ரேபிட் என்று பல வண்டிகளில் அதே 1.5 டீசல் இன்ஜின் ஓடியது. கோவையில் ஸ்பேர் கிடைக்கிறது, வேலை தெரிந்த தனியார் பட்டறைகளும் இருக்கின்றன. ஆனால் விலை பேசுகிற இடத்தில் கோவை 65 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

ஒரே இன்ஜின், வேறு பெயர்

இயந்திரம் எப்படி என்பதைவிட, அதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதே விலையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு ஃபியட் லீனியா நல்ல சாட்சி. அதில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் ஃபியட்டின் சொந்த வடிவமைப்பு. அதே குடும்பத்து இன்ஜினைத்தான் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், சியாஸ் டீசல்களில் பொருத்தி லட்சக்கணக்கில் விற்றது. லீனியாவின் கட்டுமானம் இந்த விலை வரிசையிலேயே நல்ல கட்டுமானம். மலைச் சாலையில் அது வளைவைப் பிடித்துத் திரும்பும் விதத்தை இன்றும் பாராட்டுவேன். ஆனால் ஃபியட் கார்கள் புது பி.எஸ். 6 புகைக்கட்டுப்பாட்டு விதிகளோடு சந்தையைவிட்டுப் போயின, லீனியாவின் விலை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. அதே இன்ஜின் போட்ட டிசையர் டீசலுக்கு இன்றும் ஆள் வருகிறது.

நிசான் சன்னி, ரெனோ ஸ்காலா இரண்டும் சென்னை ஒரகடத்தில் ஒரே ஆலையில் தயாரான ஒரே கார்தான், முன்முகமும் பெயரும் மட்டும் வேறு. சாலையில் அதிகம் ஓடியது சன்னி. ஸ்காலா வைத்திருந்தவர்கள் விற்கும்போது முதலில் அது என்ன கார் என்றே விளக்க வேண்டியிருந்தது.

உற்பத்தி நின்றாலே விலை விழும் என்றும் சொல்ல முடியாது. டொயோட்டா யாரிஸ் 2018-ல் வந்து 2021-லேயே நிறுத்தப்பட்டது. நான் பார்த்த யாரிஸ்கள் அதனால் அடிமாட்டு விலைக்குப் போகவில்லை. ஹோண்டா சிட்டிக்கும் மூலைக்கு மூலை மெக்கானிக் இல்லை. இருந்தும் விலை நிற்கிறது. 1998 முதல் அதே பெயரில், தலைமுறை மாறி மாறி, விட்டுப்போகாமல் வருகிறது. அப்பா ஓட்டியது, சித்தப்பா ஓட்டியது, ஆயிலும் பிரேக் பேடும் தவிர வேறு செலவு வைக்கவில்லை என்ற பேச்சு வீட்டுக்கு வீடு இருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பயம் இரண்டு வழியில் தணிகிறது. ஒன்று, பழுதானால் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். மாருதி அந்த வழி. மற்றது, பழுதே ஆகாது என்ற நம்பிக்கை. சிட்டியும் டொயோட்டாவும் அந்த வழி. வென்டோவுக்கு மலையில் இரண்டுமே இல்லை. நன்றாக ஓட்டலாம், கனமான கதவு, பிக்கப் பிரமாதம் என்பதெல்லாம் ஓட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு உதவும். அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது உதவுவதில்லை.

கடன் கிடைக்காத வண்டி

இந்தக் காரணம் வெளியே அதிகம் தெரியாது. என் தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய கார் கடன் கொடுக்கிறவர்கள் மாடல், வருடம், எரிபொருள் வாரியாக ஒரு விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள். வண்டி பளிச்சென்று இருக்கிறது என்று நான் உயர்த்தி எழுதினாலும் கடன் அந்தப் பட்டியலை ஒட்டித்தான் வரும். கடன் முடியும்போது வண்டிக்குப் பத்து வயது தாண்டக் கூடாது என்ற வரம்பும் பலரிடம் உண்டு. சியாஸை வாங்கியவர் வெலிங்டனில் வேலை பார்க்கும் இளைஞர். எட்டு வயது வண்டி என்பதால் இரண்டு வருடத் தவணை, கையில் கொஞ்சம், கடன் கொஞ்சம் என்று முடித்துக்கொண்டார். 2024-ல் சியாஸ் இன்னும் ஷோரூமில் இருந்த மாடல். கடன் கொடுத்தவர்கள் தயங்கவில்லை.

வென்டோவுக்கு, நின்றுபோன மாடல், அதுவும் டீசல் என்று இரண்டு காரணம் சொல்லிக் கடன் தொகையை வெகுவாகக் குறைத்தார்கள். அப்படியென்றால் கிட்டத்தட்ட முழுப் பணமும் கையில் இருப்பவர்தான் வாங்க முடியும். நான்கு லட்சத்தை ரொக்கமாக வைத்திருக்கிறவர் அதை முன்பணமாகக் கட்டிப் புது வண்டி எடுக்கவே நினைப்பார். வண்டி பிடித்து, பணம் குறைவாக இருப்பவருக்குக் கடன் இல்லை. வாங்கும் கூட்டம் இப்படி இரண்டு பக்கமும் சுருங்கிவிட்டது. பத்துப் பேர் கேட்கும் வண்டியில் பேரம் விற்பவர் கையில் இருக்கும். இரண்டு பேர் கேட்கும் வண்டியில் வாங்குபவர் கைக்குப் போய்விடும்.

இதற்கு மேலே, செடான் வாங்கும் கூட்டமே குறைந்துவிட்டது. 2015-ல் கிரெட்டா, 2016-ல் விட்டாரா பிரெஸ்ஸா என்று வரிசையாக வந்த பிறகு, தோட்டத்து மண் பாதையில் அடி தட்டாத உயரமான வண்டிதான் இங்கே பலருக்கும் முதல் விருப்பம். மிச்சமிருக்கும் செடான் வாடிக்கையாளர் ரிஸ்க் எடுக்க விரும்பாதவர். அவர் சிட்டி, சியாஸ் என்று போய்விடுகிறார். மற்ற செடான்களுக்கும் இவற்றுக்கும் இடையிலான இடைவெளி அதனால்தான் வருடா வருடம் கூடுகிறது.

டீசல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இந்த வண்டி விற்ற சமயத்தில் தமிழ்நாட்டில் வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம். வருடத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசலுக்காக ஷோரூமில் கொடுத்த கூடுதல் பணத்தை ஓட்டத்தில் திரும்ப எடுப்பது கஷ்டம். அடுத்தவர் அந்தக் கூடுதலைத் தரப்போவதும் இல்லை. "டீசல் வண்டி பத்து வருஷம்தானுங்களே?" என்று வந்தவர்களில் பலர் கேட்டார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவிலிருந்து வந்த பேச்சு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. பதினைந்து வருடம் முடிந்தால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். பி.எஸ். 6 டீசல்களில் புகைக்கரி வடிகட்டி இருக்கும். மலையில் சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு தொல்லை கொடுக்கும். இந்த 2016 வண்டியில் அது கிடையாது. இரண்டையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், கேட்ட விலையை உயர்த்தவில்லை.

விற்பனை நடந்த விதம்

வென்டோவுக்கு மலையில் வந்த கேள்விகள் எல்லாம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றன. கோவை கன்சல்டிங் ஒன்று போட்டோவைப் பார்த்துவிட்டு, மலை வண்டி என்று சொல்லி அதே விலையைத்தான் கேட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுத்து வரவேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்திருந்த நேரம். இ-பாஸ் இலவசம்தான், எடுப்பதும் எளிது. ஆனால் ஒரு பழைய காரைப் பார்க்க மட்டும் மலையேறத் தயங்குகிறவருக்கு இன்னொரு சாக்கு கிடைத்துவிட்டது. டி.என். 43 வண்டி இறங்கி ஏறத் தடையில்லை. அதனால் வண்டியைக் கீழே கொண்டுபோங்கள் என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். கூடவே மூன்று வேலைகளைச் சொன்னேன். கோவையில் இந்த வகைக் கார்களைப் பார்க்கும் பட்டறை ஒன்றில் ஸ்கேன் செய்து அறிக்கை வாங்குவது, பெல்ட் மாற்றிய பில் உட்பட எல்லா சர்வீஸ் பில்லையும் வருட வரிசையில் ஒரே ஃபைலில் போடுவது, கடன் முடிந்தும் ஆர்.சி.யில் அப்படியே கிடந்த எச்.பி. (கடன் அடமான) பதிவைப் படிவம் 35 கொடுத்து நீக்குவது.

மூன்றையும் செய்தார். பீளமேட்டில் இருக்கும் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். முன்பு போலோ டீசல் வைத்திருந்தவர், அந்த இன்ஜின் பழக்கம். வண்டியைச் சுற்றிப் பார்க்கும் முன்பு ஃபைலை வாங்கி உட்கார்ந்து படித்தார். அவருக்குப் பட்டறை வீட்டிலிருந்து பத்து நிமிடம். மலையில் எல்லோரையும் தடுத்த கேள்வி அவருக்கு எழவே இல்லை. 4.2 லட்சத்துக்கு முடிந்தது. அதே வண்டி, அதே மாதம், இடம் மாறியதால் மட்டும் எழுபதாயிரம் கூடியது. இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எழுபதாயிரம்தான். வண்டியின் நிலையில் எதுவும் மாறவில்லை, எதிரில் நின்ற ஆள் மாறினார்.

சியாஸில் என் அறிக்கையைப் படித்த இளைஞர் கிளட்ச்சையும் டிஸ்க்கையும் காட்டிக் கொஞ்சம் குறைக்கக் கேட்டார். ஆசிரியர் பத்தாயிரம் குறைத்து 5.3-க்கு ஒப்புக்கொண்டார். "சார், கிளட்ச் எங்க வேணா மாத்திக்கலாம், அது ஒண்ணும் பிரச்சனையில்ல" என்று அந்த இளைஞரே என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரிதான். குறை இருந்தும் பயம் இல்லை. வென்டோவில் குறை இல்லாமலே பயம் இருந்தது.

நான் அந்த இளைஞர் இடத்தில் இருந்தால் எதை வாங்கியிருப்பேன் என்று ஆசிரியர் பிறகு கேட்டார். மாதம் ஒருமுறையாவது கோவைக்குப் போகிற ஆளாக, வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிற ஆளாக இருந்தால் யோசிக்காமல் வென்டோ. மலை ஏற்றத்துக்கு அவ்வளவு பொருத்தமான, அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டி அந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம். இருக்கிற ஒரே வண்டி, காலையில் வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்றால் சியாஸ். அப்படித்தான் அவரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு

2025-ல் மாருதி சியாஸையும் நிறுத்திவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது டிசையரின் விலை இறங்கியது, அதைப் பார்த்துவிட்டுப் பழைய சியாஸுக்குக் கேட்கும் விலையும் கொஞ்சம் இறங்கியது. பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் என்று ஆனபிறகு, 2016 மாடல் பெட்ரோல் வண்டிக்கு ஹோஸ், ரப்பர் தாங்குமா என்ற கேள்வியும் வருகிறது. டீசல் வண்டிக்கு அந்தக் கேள்வி இல்லை.

சியாஸ் நின்றுபோனதால் வென்டோ போன வழியில் போகும் என்று நான் நினைக்கவில்லை. எர்டிகாக்கள் ஸ்டாண்டில் இருக்கும்வரை அந்த இன்ஜினுக்குக் கை இருக்கும், ஸ்பேர் இருக்கும். கடன் பட்டியலில் அதன் தொகை எப்போது குறையத் தொடங்குகிறது என்பதைத்தான் கவனித்து வருகிறேன். மலையில் செடான் விற்க நினைப்பவர்கள் கேட்டால் இப்போது விலையைச் சொல்வதற்கு முன்பு இரண்டு விஷயங்களை விசாரிக்கச் சொல்கிறேன்: உங்கள் ஊர் மெக்கானிக் இந்த வண்டியை எடுப்பாரா, இந்த மாடலுக்கு எத்தனை ரூபாய் கடன் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சரியில்லை என்றால், பில்களை ஃபைலில் போட்டுக்கொண்டு வண்டியைக் கீழே இறக்கிவிடுவதே நல்லது.